காற்றுக்கு வண்டிக்கூலி

என் மனைவி கோபக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அவள் ஒரே ஒரு முறைதான் கோபப்படுகிறாள். அந்த ஒரு முறையைப் பற்றி ஒரு தையல் ஆலை முழுக்க இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கோபக்காரன் நான். பள்ளி வேன் ஓட்டுகிறவன் கோபப்படாமல் பிழைக்க முடியாது. இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு பேருக்கும் ஜன்னலோர சீட்டு வேண்டும். வண்டியில் இருப்பதோ எட்டு ஜன்னல்.

அவள் பதினாறு வருடம் அந்த ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். கையை ஒருத்தி தைப்பாள், பாக்கெட்டை ஒருத்தி தைப்பாள், இவளுக்குக் காலர். முதுகு சாய இடமில்லாத இரும்பு ஸ்டூலில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். பதினைந்தாவது வருடம் இடுப்பு பேச ஆரம்பித்தது. பதினாறாவது வருடம் அது கத்தியது. வீட்டில் கிடந்த திரைத்துணியையும் கொஞ்சம் ஃபைபர் பஞ்சையும் வைத்து அவளே ஒரு குஷன் தைத்தாள். நான்கு மூலையிலும் ஸ்டூல் காலில் கட்டக் கயிறு, முதுகெலும்பு முடிகிற இடத்தில் அழுந்தாமல் இருக்க ஒரு பள்ளம். ஒரு பொறியாளர் யோசிக்க வேண்டியதை இவள் வலியை வைத்தே யோசித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, வேலை செய்யற இடமா, தூங்கற இடமா? கழட்டு அதை!" என்று கையை நீட்டியிருக்கிறார். அவள் எழுந்தாள். நான்கு கயிற்றையும் நிதானமாக அவிழ்த்தாள். குஷனை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இனிமே இந்த கேட்டைத் தாண்டி உள்ள காலெடுத்து வெச்சா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாற்பது பேர் வாய் பிளந்து பார்க்க நடந்து வந்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணிக்குக் குஷனும் கையுமாக வீட்டு வாசலில் நின்றாள்.

"என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?"

"வேலையை விட்டுட்டேன்."

"ஐயையோ, ஏன்?"

"உட்கார விடலைங்க" என்றாள்.

அந்தக் குஷனை எங்கள் மகள்தான் படம் எடுத்து இணையத்தில் சாமான் விற்கும் ஒரு தளத்தில் போட்டாள். பதிவு செய்யும்போது அது ஒரு கேள்வி கேட்டது: இலவச டெலிவரி தருகிறீர்களா? பக்கத்தில் பச்சை நிறக் கட்டம். டிக் போட்டால் நம் பொருள் முதல் வரிசையில் தெரியுமாம். என் மனைவி நெகிழ்ந்து போனாள். "நாம தைச்சுக் குடுத்தா போதும், அவங்களே ஓசியில கொண்டு போய்க் குடுக்கறாங்களாம். எவ்வளவு நல்ல மனசு பாருங்க!" நானும் என் பங்குக்கு, "பெரிய கம்பெனி. அவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று உலகம் தெரிந்தவன் போலச் சொன்னேன். மகள் டிக் போட்டாள்.

ஆர்டர்கள் வந்தன. உலகத்தில் இத்தனை பேருக்கு இடுப்பு வலியா என்று நாங்களே அசந்து போனோம். கணக்கு எழுதுகிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் உட்காரத்தான் கஷ்டம். முன்னறையில் இருந்த கட்டிலை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு மெஷினைப் போட்டாள். பஞ்சு மூட்டைகள் ஜன்னல் உயரத்துக்கு ஏறின. சாப்பாட்டில் பஞ்சு, தலையில் பஞ்சு, என் மீசையில் பஞ்சு. அவள் தைத்துக்கொண்டே பாடினாள். பதினாறு வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. குரல் சுமார்தான், ஆனால் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

என் பங்குக்கு நான் பெட்டி கொண்டுவந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. நான் வேன் ஓட்டிப் போகும் வழியில் வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் மைக்ரோவேவ் அடுப்பு வந்த அட்டைப் பெட்டிகள் மலையாகக் கிடக்கும். காவலாளியிடம் பேசிப் பிடித்தேன். கனத்த அட்டை, மூலை மடங்காத பெட்டி. தினமும் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை வேன் கூரையில் கட்டிக் கொண்டுவந்து இறக்குவேன். "பாத்தியா? கடையில வாங்கினா ஒரு பெட்டி என்ன விலை தெரியுமா? எல்லாம் ஓசி!" என்று தினமும் தவறாமல் சொல்வேன்.

பெட்டி பெரிது, குஷன் சின்னது. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கிச் சுற்றிலும் திணித்து, நடுவில் குஷனைத் தொட்டிலில் போடுவது போலப் போடுவாள். "வழியில நசுங்கிடக் கூடாதுங்க" என்பாள். மேலே உட்காருவதற்கென்றே தைத்த பொருள் நசுங்கக் கூடாது என்று மூன்று பேரும் கவலைப்பட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மாதம் போனது. விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது, கையில் இருப்பது இறங்கிக்கொண்டே இருந்தது. புதன்கிழமைதோறும் கம்பெனி பணம் போடும். ஒரே ஒரு தொகை, ஒரே ஒரு குறுஞ்செய்தி. கழித்தது போக மிச்சம் என்று வரும். எதைக் கழித்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் நூல் விலையைச் சந்தேகப்பட்டாள், மின்சாரக் கட்டணத்தைச் சந்தேகப்பட்டாள், என்னையும் ஒரு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்ணாடி மாற்ற வேண்டியதைத் தள்ளிப்போட்டாள். விடியும் முன்பே எழுந்து இன்னும் நாலு குஷன் கூடுதலாகத் தைத்தாள். அந்த வாரம் பஞ்சு, நூல் செலவு போக இன்னும் குறைவாக மிஞ்சியது. இதில் திருப்பி அனுப்புகிற புண்ணியவான்கள் வேறு. ஒருவர் ஆறு குஷன் வாங்கி, வீட்டுக்கு விருந்தாளி வந்து போனதும், "நிறம் பிடிக்கவில்லை" என்று எழுதி ஆறையும் திருப்பிவிட்டார். ஒன்றில் தலையெண்ணெய்க் கறை. உட்காரும் குஷனில் தலையை வைத்துப் படுத்த அந்த விருந்தாளியை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "திங்கக்கிழமை நான் ஆலைக்குப் போறேங்க. கேட்டுப் பாக்கறேன். பஞ்சு வாங்கக்கூட இனிமே கையில இல்ல."

"அந்த ஆளுகிட்டயா?"

"வேற யாருகிட்ட? சொன்ன வார்த்தையை நான்தான் முழுங்கணும்."

அன்றைக்கு அவள் பாடவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஹெல்மெட் வந்தாள். பார்சல் எடுத்துப் போக வருகிறவள். ஹெல்மெட்டைக் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை, அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயர் அதுதான். பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. அவள் பைக்கில் நான்குதான் கட்ட முடியும், அதற்கே அவள் முகம் கயிற்றுக்கு நடுவில்தான் தெரியும். மனைவி உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாக வந்து நின்றவளிடம் நான் வழக்கம் போல, "நல்ல பெட்டிம்மா, தூக்கிப் போட்டாலும் உடையாது" என்றேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உள்ள என்ன இருக்கு?"

"குஷன்."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவள் பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். "முக்கால் கிலோகூட இருக்காது. இந்த ஸ்லிப்பைப் படிங்க."

ஸ்லிப்பில் கட்டண எடை பதினொரு கிலோ என்று இருந்தது.

"பதினோரு கிலோவா! தராசு கெட்டுப் போச்சா?"

"தராசெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்பெனி நெறுத்து மட்டும் பாக்காதுண்ணே. பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு நீளம், அகலம், உயரம் அளந்து, அதையும் எடையாக் கணக்குப் போடும். ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. நீங்க காத்துக்கு வண்டிக்கூலி கட்டிட்டிருக்கீங்க."

"டெலிவரிதான் இலவசமாச்சே?"

ஹெல்மெட்டுக்குள் இருந்து சிரிப்பு வந்தது. "வாங்கறவங்களுக்கு இலவசம். போறது உங்க காசுலண்ணே! எங்க காசும் போகுது. எனக்குப் பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி. நாலு நாலா மூணு தடவை வந்தா பெட்ரோல் என் தலையில. உங்க வீட்டுக்கு யார் போறதுன்னு எங்க ஆபீஸ்ல சீட்டு குலுக்கிப் போடறோம், தெரியுமா? எப்பவும் என் பேர்தான் விழுது."

மகளைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தளத்தில் கழிவு விவரம் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். நாலு பக்கம் தள்ளி, ஒரு மூலையில், எறும்பு எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு குஷன் விலையிலும் முக்கால் பங்கு டெலிவரிக்கே போயிருந்தது. மிச்சக் கால் பங்கில் துணி, பஞ்சு, நூல், அவள் இடுப்பு.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லலாம்பா."

"நான் சொல்றேன். நீ வாயைத் திறக்காத."

சொல்லவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. எப்படிச் சொல்வது? அந்தப் பெட்டிதானே நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி! அதைத்தானே தினமும் தம்பட்டம் அடித்தேன்! வாயைத் திறப்பேன், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், "தண்ணி குடு" என்பேன். இரண்டு நாளில் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு குளம் வற்றியிருக்கும்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தேன். அவள் ஆலையின் நீலக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பித்தானைப் போட்டபடி படியில் இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"போகாத. பெட்டிதான் காரணம். என் பெட்டி."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பதினொரு கிலோ, காற்று, கூலி, சனிக்கிழமையே தெரியும் என்பது வரைக்கும். அவள் கேட்டாள்:

"அந்தக் காவலாளி பெட்டியைச் சும்மாவா குடுத்தாரு?"

"சும்மாதான்… அவரு பொண்ணை நம்ம வேன்ல ஸ்கூலுக்கு…"

"வேன் காசு?"

அசடு வழிய நின்றேன். "வாங்கல."

இப்போது வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறாள். "ஓசி டெலிவரி, அதுக்கு ஓசிப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஓசி சீட்டு! இந்த ஊர்ல காசு குடுத்தது நான் ஒருத்திதானா?" மூக்கில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஒரு வாரம் பாக்கலாம். அடுத்த புதனுக்கும் பணம் இப்படியே வந்தா, கோட்டு இங்கதான் தொங்குது."

அன்று முழுக்க எங்கள் வேலை குஷனை நசுக்குவது. முதலில் என்னை உட்காரச் சொன்னாள். எண்பத்தாறு கிலோ. குஷன் தட்டையானது. நான் எழுந்ததும் அதுவும் எழுந்தது. வேனில் பிள்ளைகள் சிந்தும் பிஸ்கட் தூளை இழுக்க ஒரு சின்ன வாக்குவம் கிளீனர் வைத்திருக்கிறேன். குஷனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, அதன் குழாயை உள்ளே விட்டோம். காற்று வெளியே வருவதற்குப் பதிலாக டேப் பிய்ந்து, ஒரு வருடத்துப் பிஸ்கட் தூள் முன்னறை முழுக்கப் பறந்தது. பிறகு கம்பளியைச் சுருக்கி வைக்கிற ஜிப் உறை ஒன்றை மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். அதில் காற்றை இழுக்கவே ஒரு மூடி உண்டு. குழாயை வைத்ததும் குஷன் "ஸ்ஸ்ஸ்" என்று சுருங்கி அவள் டிராயிங் நோட்டு அளவுக்கு வந்துவிட்டது. மூன்று பேரும் கை தட்டினோம்.

"இது திரும்ப எழுந்திருக்குமா?" என்றாள் மனைவி.

உறையைப் பிரித்து மேசையில் வைத்தோம். பத்து நிமிடம் அசைவில்லை. சுருக்கம் விழுந்த கிழட்டுத் தோல் போலக் கிடந்தது. "கொன்னுட்டோம்" என்றாள். அவள் கண் ஆணியில் தொங்கிய கோட்டுக்குப் போனது. இருபதாவது நிமிடம் ஒரு மூலை மெல்லத் தூக்கியது. மகள், "அம்மா, மூச்சு விடுது!" என்று கத்தினாள். இன்னொரு மூலை எழுந்தது. ஒரு மணி நேரத்தில் பள்ளமும் பருமனுமாகப் பழையபடி உட்கார்ந்திருந்தது. அவள் அதை இரண்டு தட்டு தட்டி, கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒவ்வொரு உறையிலும் வைத்தாள்: "இந்தக் குஷன் பயணக் களைப்போடு வந்திருக்கிறது. பிரித்து வைத்து ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பிறகு அது உங்களைப் பார்த்துக்கொள்ளும்."

செவ்வாய்க்கிழமை பார்சல் எடுக்க வந்த ஹெல்மெட், பன்னிரண்டு குஷனும் ஒரே முதுகுப்பைக்குள் அடங்கியதைப் பார்த்து நம்பாமல் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நரைத்த முடியை இறுகப் பின்னியிருந்தாள், எங்களைவிட வயதில் மூத்தவள். மூன்று மாதமாக எனக்கு அண்ணே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! கட்டண எடை ஒரு கிலோ. "தெய்வமே" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

காவலாளியிடம் பெட்டி வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "பொண்ணு சீட்டு இருக்குங்க, அது பாட்டுக்கு வரட்டும்" என்றேன். பெட்டிக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த புதன்கிழமை குறுஞ்செய்தி வந்தது. அவள் ஒரு முறை படித்தாள், கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை படித்தாள், பிறகு மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு ஆணியில் இருந்த நீலக் கோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். முதுகுத் துணியில் ஒரு குஷன் உறை, முன்பக்கத் துணியில் ஒன்று, அதில் கோட்டுப் பாக்கெட் அப்படியே இருந்தது. வெட்டும்போது பாடினாள். அதே சுமாரான குரல்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் கைபேசி கூவ ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. நாற்பத்தோரு ஆர்டர், தனித்தனியாக, எல்லாம் ஒரே முகவரிக்கு. அவள் பதினாறு வருடம் காலர் தைத்த ஆலைக்கு. தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்து, பக்கத்து ஸ்டூலில் உட்காரும் தோழியைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏண்டி, என்ன நடக்குது அங்க?"

"சூப்பர்வைசருக்கு இடுப்பு வலிடி! நாற்காலியில துண்டை மடிச்சு மறைச்சு வெச்சு உட்காந்திருந்தாரு, கையும் களவுமாப் பிடிச்சுட்டோம். நாப்பது பேரும் மெஷினை நிறுத்திட்டு எழுந்து நின்னோம். மனுஷனுக்கு வேர்த்துப் போச்சு. 'சரி, எல்லாருமே வெச்சுக்குங்க'ன்னுட்டாரு. நாப்பத்தொண்ணாவது அவரோடது."

"அது சரி, நாப்பத்தோரு பேரும் தனித்தனியாவா ஆர்டர் போடுவீங்க? மொத்தமா ஒண்ணாப் போடக் கூடாதா?"

"டெலிவரிதான் இலவசமாச்சேடி!"

என் மனைவி கைபேசியை நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எல்லாத்தையும் கேன்சல் பண்ணச் சொல்லு. நானே கொண்டு வர்றேன்" என்றாள்.

தைத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. காலையில் பிள்ளைகளை இறக்கியபின் குஷன்களை வேனில் அடுக்கினோம். நசுக்கவில்லை, உறையில் போடவில்லை. இருபத்திரண்டு சீட்டிலும் குஷன்கள் உட்கார்ந்து வந்தன. ஒன்றுகூட ஜன்னல் சீட்டு கேட்கவில்லை.

மதிய இடைவேளைக்கு ஆலை கேட்டில் போய் நின்றோம். அவள் கேட்டுக்கு வெளியே, கேட் ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்கு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். பெண்கள் ஓடி வந்தார்கள். ஒரே கூச்சல், கட்டிப்பிடிப்பு, ஆளாளுக்கு நிறம் பொறுக்கல். கடைசியாக சூப்பர்வைசர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தார்.

"உள்ள வாம்மா, வெயில்ல நிக்கற."

"பரவால்ல சார். சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்கு."

நீலக் குஷனை எடுத்து நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார், பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். "இது நம்ம கோட்டுத் துணி மாதிரி இருக்கே?"

"அதேதான் சார். எனக்கு இனிமே தேவைப்படல. பாக்கெட்ல கண்ணாடி வெச்சுக்கலாம்."

அவர் அதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். மணி அடித்தது. நாற்பது பெண்களும் வரிசையாக உள்ளே நடந்தார்கள், ஒவ்வொருத்தி அக்குளிலும் ஒரு குஷன். வேலையை விட்ட அன்று இவள் ஒருத்தியாக அப்படித்தான் வெளியே வந்திருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவள் கடைசிப் பெண் உள்ளே போகும் வரை நின்று பார்த்துவிட்டு வேனில் ஏறினாள்.

"வந்து போக டீசல் எவ்வளவு ஆகும்?"

"விடும்மா, நமக்குள்ள என்ன? ஓசிதான்."

"அந்த வார்த்தையே வேணாம். எவ்வளவு?"

சொன்னேன். அவள் பையைத் திறந்து எண்ணி என் சட்டைப் பையில் வைத்தாள். "வண்டியை எடுங்க. பிள்ளைங்க காத்துட்டு இருக்கும்" என்றாள்.